மச்சானைத் திறக்கும் சாவி

எங்கள் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒருவர் பதினான்கு மாதம் கல்லாக இருந்தார். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். கல்லாக இருந்துகொண்டே அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஸ்கூட்டரில் வருவார். செருப்பை ஜோடி பிரியாமல் விடுவார். இரண்டு டம்ளர் டீ குடிப்பார். மின்விசிறி ஓடுகிறதா நடக்கிறதா என்று கேட்பார். பிறகு சொத்தைப் பல்லின் குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே இருக்கும் மூலை நாற்காலியில் போய் உட்காருவார். ஆறு மணிவரை கல்.

விஷயம் இதுதான். ஞாயிறன்று டாக்டர் யார் வாயையும் திறக்கச் சொல்லமாட்டார். நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடி, பழைய வாரப்பத்திரிகைகளை மேசையிலிருந்து அகற்றிவிட்டு, வேறொரு உலகத்தில் மூன்று மணி நேரம் வாழ்ந்துவிட்டு வருவோம். உலகத்தைச் சொல்வது டாக்டரின் வேலை: இங்கே காடு, அங்கே குகை, குகைக்குள் இன்ன மிருகம். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வேடத்தில் இருந்து, என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்வோம். அது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் நடந்தது. சின்ன எண் விழுந்தால் மாட்டிக்கொண்டோம்.

கணக்கு டீச்சர் அங்கே மந்திரக்காரி. ஜெராக்ஸ் கடைக்காரர் வாள்வீரன். சந்தை வாசலில் சாவி அறுத்துக் கொடுக்கும் பூட்டுக்காரர், குள்ளர் இனத்துக் கொல்லன். நான் நெடுநாள் வாழும் வனதேவதை இனத்தில் வில்லெடுத்த ஒரு பெண். வெளியே நான் எழுபத்து மூன்று வயதுக் கிழவன். அங்கே நூற்றுப் பத்தொன்பது, அந்த இனத்தில் அது கல்யாண வயது. இதை யாரும் பெரிதுபடுத்தியதில்லை.

பூட்டுக்காரரின் மனைவிக்கு ஜெராக்ஸ்காரர் கூடப்பிறந்த அண்ணன். அதாவது பூட்டுக்காரருக்கு மச்சான். கல்லானது இந்த மச்சான்தான்.

அது நடந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குகைக்குள் கல்விழி நாகம் படுத்திருக்கிறது, அது பார்த்தால் பார்க்கப்பட்டவர் கல் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பூட்டுக்காரர் தொழில் புத்தியில், “ஓட்டை இருந்தா ஒரு கண்ணு வெச்சுப் பாத்துடணும்” என்று எட்டிப் பார்த்துவிட்டார். நாகம் திரும்பியது. அந்த நொடியில் மச்சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, “நான் குறுக்க விழறேன்! என் தங்கச்சி புருஷன் அவரு!” என்று கத்தினார். பகடை உருண்டது. பத்தொன்பது. கொல்லன் பிழைத்தான், வாள்வீரன் கையில் ஓங்கிய வாளோடு கல்லானான். நாங்கள் கைதட்டினோம். பூட்டுக்காரர் இரும்புத்தூள் படிந்த கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் தூள் விழுந்து மேலும் அழுதார்.

“மச்சான், நான் கொல்லன். கல்லைத் திறக்கிற மாதிரி மந்திரச் சாவி ஒண்ணு செஞ்சு, ஒரே மாசத்துல உங்களை வெளிய எடுத்துடறேன். இது சத்தியம்.”

“அவசரமில்ல மாப்பிள்ளை,” என்றார் கல். அதை நாங்கள் அடக்கம் என்று நினைத்தோம்.

முன்பெல்லாம் மந்திரப் பொருள் செய்வது சுலபம். இன்னது செய்கிறேன் என்று சொல்லிப் பகடையைப் போடவேண்டியது, விழுந்தால் பொருள் கையில். எல்லாம் டீச்சரால் கெட்டது. டாக்டர் மூன்று வாரம் கண்விழித்து உருவாக்கிய ஏழு தலை அரக்கனை, டீச்சர் ஒரு மந்திர டப்பா செய்து அதற்குள் அடைத்து மூடிவிட்டார். டப்பா செய்ய ஆன நேரம், டீ ஆறுகிற நேரம். அரக்கனுக்கு வாய் திறக்கக்கூடச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. ஏழு வாய்க்கும் டாக்டர் தனித்தனியாக வசனம் எழுதி வைத்திருந்தார். நாகம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் இது நடந்தது. மச்சான் கல்லான மறு ஞாயிறு, டாக்டர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஏழு வரி எழுதிக்கொண்டு வந்தார். தலைப்பு: ‘மந்திரப் பொருள் தயாரிப்பு: வீட்டு விதிகள்’. ஆட்டத்துக்கு அச்சடித்த புத்தகம் ஒன்று உண்டு. அது போதாதென்று அவரவர் மேசைக்கு அவரவர் போட்டுக்கொள்வது வீட்டு விதி.

“நான் யாரையும் தடுக்கல. ஒழுங்குபடுத்தறேன், அவ்வளவுதான்,” என்று டாக்டர் எழுந்து நின்று பேசினார். “பல்லை எடுத்துக்குங்க. தானா முளைக்கட்டும்னு விட்டா என்ன ஆகும்? கோணலா முளைக்கும். அப்புறம் கம்பி கட்டணும். நான் முதல்லயே கம்பி கட்டிடறேன்.”

“முளைக்கிறதுக்கு முன்னாடியேவா டாக்டர்?” என்றார் டீச்சர்.

“அதுதான் உயர்ந்த வைத்தியம்.”

பிறகு டாக்டர் மூலைக்குத் திரும்பி, “நீங்க சும்மா கல்லாத்தானே உக்காந்திருக்கீங்க. இதை அஞ்சு காப்பி எடுத்துட்டு வந்துடுங்களேன்,” என்றார்.

அவ்வளவுதான் அவர் செய்த தவறு. மறு வாரம் மச்சான் ஐந்து காப்பி கொண்டுவந்தார். கூடவே ஒரு படிவமும் கொண்டுவந்தார். “விதின்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் படிவம் வேணுமில்ல டாக்டர்?” அதற்கடுத்த வாரம் படிவத்தை நிரப்புவதற்கான வழிமுறை வந்தது. மூன்றாம் மாதம் விதிகள் முப்பதாகிச் சுருள்கம்பி போட்டு வந்தன. மேலே நீல அட்டை. நான்காம் மாதம் ரப்பர் முத்திரை. ஐந்தாம் மாதம் மச்சானின் நாற்காலி மூலையிலிருந்து மேசைத் தலைமாட்டுக்கு, டாக்டருக்குப் பக்கத்தில், இடம்பெயர்ந்திருந்தது. ‘செயலாளர்’ என்று ஒரு பெயர்ப்பலகையை லேமினேட் செய்து முன்னால் வைத்திருந்தார்.

பூட்டுக்காரருக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. அவருக்கு ஒரே குறி, மச்சானை மீட்கவேண்டும்.

ஒரு நாள் என் பீரோச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். கடை என்றால் ஒரு மரப்பெட்டி, சாவியை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பிடிகருவி, ஆணியில் தொங்கும் ஆயிரம் வெட்டாத சாவிகள். பிடிகருவியின் வாயில் சாவிக்குப் பதிலாகப் படிவம் செருகியிருந்தது.

“பெரியவரே, நல்ல நேரத்துல வந்தீங்க. ‘பொருளுக்குச் சுயபுத்தி உண்டா’ன்னு கேட்டிருக்கு. என்ன போட?”

“உனக்கென்ன தோணுது?”

“சாவிக்கு ஏது புத்தி? பூட்டுக்குத்தான் புத்தி. சாவி சொன்ன பேச்சு கேக்கும்.”

“அப்படியே எழுது.”

நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவர் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தார். படிவத்தைப் பார்த்தார், பாத்திரத்தை ணங்கென்று வைத்தார்.

“எங்க அண்ணன் இன்னும் கல்லாத்தான் இருக்கா?”

“விண்ணப்பம் போட்டிருக்கேம்மா. நடந்துட்டிருக்கு.”

“என்னத்த நடக்குது? ஊர்ல இருக்கிற அத்தனை வீட்டுக்கும் சாவி அறுக்கறீங்க. உங்களுக்காகக் குறுக்க விழுந்தவனுக்கு ஒரு சாவி அறுக்கத் துப்பில்ல. போன வாரம் எங்கம்மா கேக்கறாங்க, ‘அவன் எப்படி இருக்கான்’னு. கல்லு மாதிரி இருக்கான்னேன். நல்லதுன்னு சொல்லிட்டுப் போறாங்க!”

பூட்டுக்காரர் தலையைக் குனிந்து படிவத்தில் எழுதினார். எழுத்து அரத்தால் ராவியது போல இருந்தது.

ஞாயிறன்று விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘சொன்ன பேச்சு கேக்கும்’ என்று விண்ணப்பதாரரே ஒப்புக்கொள்கிறார். கேட்பதற்குக் காது வேண்டும். காதுள்ளதற்குப் புத்தி இருக்கும். எனவே விதி பன்னிரண்டின்படி, செய்யப்படுவதற்குச் சாவியின் சம்மதக் கையெழுத்து தேவை. சாவியோ இன்னும் செய்யப்படவில்லை. இதில் இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் பூட்டுக்காரர் தன் கடைச்சாவி ஒன்றை முத்திரை மையில் தோய்த்துப் படிவத்தில் அழுத்திக் கொண்டுவந்தார். இனத்தார் ஒருவரின் கைநாட்டு என்று அது தற்காலிகமாக ஏற்கப்பட்டது.

அடுத்தது சாவித்துவாரம். சாவி என்றால் துவாரம் எங்கே? ஒரு துணைக்குழு மச்சானைச் சுற்றி வந்தது. “தொப்புள்” என்றார் டீச்சர். “வாய்தான், அதுல சந்தேகமே இல்ல” என்றார் டாக்டர். காது என்று நான் சொன்னேன், எதையாவது சொல்லவேண்டுமே. மச்சான் அசையாமல் நின்று அளவெடுக்கக் கொடுத்தார். “வலது காதுன்னு எழுதிக்கிறேன், இடது காதுல எனக்கு மந்தம்” என்று தானே குறித்தும் கொண்டார்.

“பாத்தீங்களா, மச்சான் எவ்வளவு ஒத்துழைக்கிறாரு!” என்று பூட்டுக்காரர் பூரித்துப்போனார்.

பிறகு மாதிரி கேட்டார்கள். பூட்டுக்காரர் மூன்று வாரம் கடைவேலையை ஒதுக்கிவைத்து, பித்தளையில் ஒரு சாவி அறுத்தார். ஒன்பது பல்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழம். நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு சாவி பார்த்ததில்லை. டாக்டர் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியை எடுத்து ஒன்பது பல்லையும் பார்த்து, “ஈறு மட்டும்தான் இல்ல” என்று பாராட்டினார். ஆனால் செயலாளர் விதி இருபத்தெட்டைக் காட்டினார்: ‘கையால் தொடக்கூடிய பொருள்கள் இவ்விதிகளின் கீழ் வரா.’ தொடமுடியாத மாதிரியைச் சமர்ப்பிக்கவேண்டும்.

மறு ஞாயிறு பூட்டுக்காரர் வெறும் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். டாக்டர் கண்ணாடியை வைத்தும் பார்த்தார். “கைப்பிடி கொஞ்சம் பெரிசு. பரவாயில்ல.” ஏற்கப்பட்டது. பூட்டுக்காரர் அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூலப்பொருள்தான் கடினமாக இருந்தது. எந்த நாகம் கல்லாக்கியதோ அந்த நாகத்தின் கண்ணீர் ஒரு சொட்டு. அதுவும் நாகம் தானாக விரும்பி அழுததாக இருக்கவேண்டும், அடித்துப் பிழிந்தது செல்லாது. பூட்டுக்காரரின் கொல்லன் கண்ணைக் கட்டிக்கொண்டு குகைவாசலில் போய் உட்கார்ந்து, நாகத்திடம் பேசினான்.

“உன்மேல எனக்குக் கோவமில்ல. பாக்கிறது உன் தொழில். ஆனா வீட்டுக்குப் போனா அவ என் மூஞ்சியைப் பாக்கமாட்டேங்கறா. உன்னை யாரும் பாக்கறதில்ல, என்னையும் பாக்கறதில்ல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்.”

பகடையில் இருபது விழுந்தது. நாகம் அழுதது. டீச்சரும் கைக்குட்டையைத் தேடினார்.

“சாட்சி?” என்றார் டாக்டர்.

நாகம் அழுததை நேரில் கண்ட சாட்சி ஒருவர் வேண்டும். நாகத்தை நேரில் கண்டவர் கல்லாகிவிடுவார். காணாதவர் சாட்சியாகமாட்டார். அப்போது செயலாளர் தொண்டையைச் செருமி, தான் ஏற்கெனவே கல்லாகி நாகத்தின் எதிரிலேயே நிற்பதால் முழு அழுகையையும் கண்டதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

“கல்லு கையெழுத்துப் போடுமா?” என்றார் டீச்சர்.

“செயலாளர்ங்கிற முறையில கையெழுத்துப் போடறேன். கல்லுங்கிற முறையில மௌனமா ஆமோதிக்கிறேன்.”

பூட்டுக்காரர் எழுந்துபோய் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நீங்க இல்லன்னா இந்த விதியெல்லாம் என்னை அரைச்சுத் தின்னிருக்கும் மச்சான்.”

“நான் என்ன பண்ண முடியும் மாப்பிள்ளை? விதி அப்படி. நான் வெறும் கல்லு. எனக்கு ஓட்டுகூடக் கிடையாது.”

பதினான்காம் மாதம் இறுதி ஒப்புதல் நாள் வந்தது. பூட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். அன்று மாலை மச்சானை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு வந்ததாக என் காதில் சொன்னார். உயிரோடு. டாக்டர் எழுந்தார். பெரிய தருணங்களில் அவருக்குப் பேசாமல் இருக்க வராது.

“இன்னிக்கு நம்ம வீட்டு விதிகளோட முதல் பொருள் நிறைவேறப்போகுது. சிலர் கேக்கறாங்க, பதினாலு மாசமா ஒரு அடி நகரலையே, ஆட்டம் எங்கேன்னு. ஆட்டத்தை யாரு வேணா ஆடலாம். ஆடாம காப்பாத்தறதுதான் நிர்வாகம். நம்ம காட்டுல ஒரு மரம் விழல. ஒரு அரக்கன் சாகல. இந்தச் சாதனைக்கு நான் காரணமில்ல. அறுபத்து மூணு விதியில முதல் ஏழுதான் என்னோடது. மீதி அம்பத்தாறும் நம்ம செயலாளர் ராப்பகலா யோசிச்சு எழுதினது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு நம்பிக்கை!”

நாங்கள் கைதட்ட மறந்தோம். பூட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி மச்சானைப் பார்த்தார். சாவியின் கைநாட்டு, காது, தொடமுடியாத மாதிரி, தானாக அழும் நாகம் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறி இறங்கின.

“இன்னும் ஒண்ணுதான் பாக்கி,” என்று டாக்டர் தாளைப் புரட்டினார். “விதி அறுபத்து மூணு. பயனாளியோட சம்மதம்.”

மச்சான் எழுந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். மூன்று நகல் வைத்திருந்தார். டாக்டருக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, வாசிக்க ஒன்று.

“‘கீழே கையொப்பமிட்டுள்ள கல்லாகிய நான், மேற்படி சாவியால் திறக்கப்பட விரும்பவில்லை என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.’”

பூட்டுக்காரர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

“ஏன் மச்சான்?”

“உயிர் வந்துட்டா விதி நாப்பத்தொண்ணு குறுக்க நிக்குது மாப்பிள்ளை. உயிருள்ள ஆட்டக்காரர் பதவியில இருக்கக் கூடாது.”

“அதை எழுதினது?”

“நான்தான்.”

“எனக்காகக் குறுக்க விழுந்தீங்களே.”

“விழுந்தேன். இல்லேங்கல. விழுந்தப்புறம்தானே தெரிஞ்சுது.” மச்சான் கண்ணாடியைக் கழற்றினார். “வாள் சுத்திட்டு இருந்தப்ப இந்த மேசையில எவன் என்னை மதிச்சான்? ‘ஜெராக்ஸ், அந்த டீயை இப்படித் தள்ளு.’ அவ்வளவுதான் நான். இப்ப டாக்டர் எழுந்து நின்னு என்கிட்ட பேப்பர் வாங்கறார். நீங்களே வாரா வாரம் என் முன்னாடி வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கறீங்க. இதையெல்லாம் விட்டுட்டு நான் எதுக்கு உயிரோட வரணும்?”

“உங்க தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்ல?”

“நிராகரிக்கப்பட்டதுன்னு சொல்லுங்க. நகல் வேணும்னா எடுத்துத் தரேன்.”

பூட்டுக்காரர் உட்கார்ந்தார். சட்டைப்பையில் கைவிட்டு, எதையோ எடுத்து, மேசைமேல் வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் டீச்சர் தன் டம்ளரைச் சற்று நகர்த்தி இடம் விட்டார்.

பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார். “டீச்சர், மந்திரம் இல்லாத சாதாப் பொருள் செய்யணும்னா என்ன படிவம்?”

டீச்சர் நீல அட்டை போட்ட விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். “படிவமே இல்ல. அச்சுப் புத்தகத்துல இருக்கிறதுதான். கருவி இருந்தா, கல்லோ மரமோ இருந்தா, பகடை போடலாம்.”

“உளி இருக்கு. நான் ஒரு வாசப்படி செய்யறேன். குகைவாசல்ல நட்டமா ஒரு கல்லு நிக்குது.”

மச்சானின் பேனா நின்றது. “மாப்பிள்ளை, அது நான்.”

“ஆமா.”

“டாக்டர்! என் சம்மதம் வேணுமில்ல?”

டாக்டர் விதிகளை மதிக்கிறவர். “சம்மதம் மந்திரப் பொருளுக்குத்தான் சார். உங்க விதிதான். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

பகடை உருண்டது. பதினெட்டு. பதினான்கு மாதத்துக்குப் பிறகு டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உலகத்தைச் சொன்னார். குரல் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. “நாலடி நீளம். ஒண்ணரை அடி அகலம். நல்லா இழைச்ச கல்லு. ஓரத்துல வாள்வீரனோட மீசை லேசாத் தெரியுது. குகைவாசல்ல பதிச்சாச்சு. நாகம் தூங்குது. இப்ப உள்ள போகலாம்.” பிறகு கண்ணைத் திறந்து, வாசற்படி செயலாளராகத் தொடர்வதற்கு விதிகளில் தடையேதும் இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னார். மச்சானுக்கு உயிர் வந்தது போலிருந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

டீச்சர் படியை மிதித்து உள்ளே போனார். நான் மிதித்தேன், ஒரு நிமிஷம் நின்றே மிதித்தேன், நூற்றுப் பத்தொன்பது வயதில் கால் வலிக்காதா? கடைசியில் கொல்லன் வந்தான்.

“மிதிச்சுட்டுத்தானே வரீங்க?” என்றார் டாக்டர்.

பூட்டுக்காரர் இல்லையென்று தலையாட்டினார். “தாண்டி வரேன்.”

குள்ளனுக்குக் கால் எட்டாது, பகடை போடவேண்டும். போட்டார், மூன்று. போட்டார், ஐந்து. மறுபடி இரண்டு. நான்காம் முறை போடாமல் பகடையைக் கீழே வைத்துவிட்டு, படியின் ஓரமாக, பாறைக்கும் கல்லுக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வருவதாகச் சொன்னார்.

செயலாளர் பதிவேட்டை இழுத்து அதையும் எழுதினார்: ‘உறுப்பினர் ஒருவர் படியைப் பயன்படுத்த மறுத்தார்.’